படத்தை எங்கும் அனுப்பாமல், அதற்குள் இருக்கும் மீத்தரவை உலாவியிலேயே பார்க்க இயலுமா?

பொத்தைக்காட்டான் (நாங்குநேரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்தில் பறவை பார்க்கும் நண்பர்கள் சிலர், இந்தப் பருவத்தில் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து இணையத்தில் வெளியிட முடிவு செய்திருக்கிறோம். திரட்டும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கூந்தன்குளத்துப் படங்களைப் பற்றிக் கவலை இல்லை. 1994 முதல் சரணாலயமாக இருக்கும் ஊர் அது, மஞ்சள்மூக்கு நாரை எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்பதை அங்கே சிறு பிள்ளையும் காட்டிவிடும், ஊராரே காவலும் இருக்கிறார்கள். என் கவலையெல்லாம் பொத்தைகளில், அதாவது சிறு பாறைக் குன்றுகளில், எடுத்த படங்களைப் பற்றியது. கொம்பன் ஆந்தை பாறை இடுக்கில் முட்டையிட்டு அடைகாப்பதைச் சிலர் படமெடுத்திருக்கிறார்கள். மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிற நாட்டில், அந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்ற செய்தி படத்தோடு சேர்ந்து வெளியே போய்விடக் கூடாது.

எடுத்த நேரம், கைப்பேசியின் மாதிரி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை மீத்தரவாகக் கோப்புக்குள் பதிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவற்றைப் பார்க்க உதவும் இணையப் பக்கங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் சில, ‘உங்கள் படம் எங்கள் சேவையகத்துக்கு வராது’ என்று எழுதியிருக்கின்றன. படத்தின் விவரத்தை ஓர் இணையப் பக்கம் காட்டுகிறதென்றால், படம் ஏற்கெனவே அங்கே போய்விட்டது என்றுதானே பொருள்? நான் பயன்படுத்துவது பள்ளி ஆய்வகக் கணினி. அதில் புதிய மென்பொருள் நிறுவ எனக்கு அனுமதி இல்லை என்பதால்தான் உலாவி வழியைக் கேட்கிறேன்.

பாளை நிரலர் (பாளையங்கோட்டை)

ஐயா, அவர்கள் சொல்வது உண்மையாக இருக்க முடியும். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது சேவையகத்திலிருந்து நிரல்தான் உங்களிடம் வருகிறது. அந்த நிரல் ஓடுவது உங்கள் கணினியில். நீங்கள் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், அதன் பைட்டுகளைப் படிக்கும் உரிமையை உலாவி அந்த நிரலுக்குத் தருகிறது. படிப்பது, பிரிப்பது, திரையில் காட்டுவது எல்லாம் உங்கள் கணினியின் நினைவகத்திலேயே முடிந்துவிடும். நிரல் தனியாக ஓர் அனுப்பும் கட்டளையை இட்டால் மட்டுமே படம் வெளியே போகும்.

இந்த வேலைக்கு முழுப் படமும் தேவைப்படுவதில்லை. ஜேபெக் கோப்பு ‘எஃப்எஃப் டி8’ என்ற இரண்டு பைட்டுகளோடு தொடங்கும். அதற்குப் பின் துண்டு துண்டாகப் பகுதிகள் வரும். ‘எஃப்எஃப் ஈ1’ என்று குறியிட்ட பகுதியில், எக்ஸிஃப் என்ற வடிவத்தில் எழுதிய மீத்தரவு இருக்கும். அந்தப் பகுதியின் நீளத்தை எழுத இரண்டு பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால் அது 65,535 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது. ஆகவே எட்டு எம்பி படமாக இருந்தாலும், தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் படித்தால் பெரும்பாலும் போதும். பகுதிக்குள் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பதிவும் 12 பைட்டு. இடத் தகவலுக்குத் தனியாக ஓர் உள் அட்டவணை உண்டு.

1995இல் ஜப்பானில் இந்த எக்ஸிஃப் வடிவம் வகுக்கப்பட்டபோது அது கேமராக்காரர்களின் தேவைக்காக வந்தது. துளைவிட்டம், ஒளி வாங்கிய நேரம் போன்றவற்றைக் குறித்துவைப்பதே அதன் முதன்மையான வேலை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஜிபிஎஸ் வந்த பிறகுதான் அது ஊர் சொல்லும் கருவியாயிற்று. அட்சரேகை பாகை, நிமிடம், விநாடி என மூன்று பின்னங்களாக எழுதப்படும். நெல்லை நகரம் என்றால் வடக்கு 8 பாகை 43 நிமிடம் என்று தொடங்கி, விநாடியின் நூறில் ஒரு பங்கு வரையிலும் எழுதப்பட்டிருக்கும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறக்குறைய 31 மீட்டர். கணக்குப்படி நூறில் ஒரு பங்கு 30 சென்டிமீட்டர். கைப்பேசியின் அளவீடே சில மீட்டர் பிசகும் என்பதால் அந்த இலக்கங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொத்தையில் சில மீட்டர் பிசகு என்பது பிசகே இல்லை. போதாக்குறைக்கு, கேமரா எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதையும் பல கைப்பேசிகள் எழுதி வைக்கின்றன.

அம்பை வாசி (அம்பாசமுத்திரம்)

‘உண்மையாக இருக்க முடியும்’ என்பதோடு பாளை நிரலர் நிறுத்திக்கொண்டார். ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் அது உண்மைதானா என்பதை ஆசிரியர் ஐயா எப்படி அறிவார்? பக்கத்தின் மேலே பச்சை எழுத்தில் உறுதிமொழி எழுத யாராலும் முடியும்.

நான் செய்யும் சோதனை இது. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் பலகை திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு, ரகசியம் எதுவும் இல்லாத ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு புதிய கோரிக்கை ஏதேனும் புறப்பட்டால் அதன் அளவையும் முகவரியையும் பார்த்துக்கொள்ளலாம். இதைவிட வலுவானது, பக்கம் முழுவதும் ஏறிய பிறகு இணைப்பையே துண்டித்துவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுப்பது. இணைப்பு இல்லாதபோதும் விவரம் வந்தால், படிக்கும் வேலை உள்ளேயே நடக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சோதனையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. படத்தை உலாவியின் உள் சேமிப்பில் வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் அனுப்பும்படி ஒரு நிரலை எழுத முடியும். ஆகவே தனிப்பட்ட சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, இணைப்பைத் துண்டித்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, அத்தகைய சாளரங்கள் எல்லாவற்றையும் மூடிய பிறகே மீண்டும் இணைப்பைத் தர வேண்டும். மூடியதும் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தப் பக்கங்களில் பல, இடத்தைக் கண்டதும் அழகாக ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டும். அந்த வரைபடம் உங்கள் கணினியில் இருந்ததா? இல்லை, உங்கள் ஆந்தை இருக்கும் சதுரத்துக்கான வரைபடத் துண்டுகளை வேறொரு சேவையகத்திடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறது. படம் வெளியே போகவில்லை என்பது மெய்தான். ஆனால் எந்த இடத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை வரைபடக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, ஊர்ப்பெயராக மாற்றிக் காட்டும் பக்கமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது துல்லியமான எண்ணையே அனுப்புகிறது. எண்ணை மட்டும் காட்டிவிட்டு, வரைபடம் வேண்டுமா என்று கேட்டு நிற்கும் பக்கமே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

பொத்தைக்காட்டான்

இருவருக்கும் நன்றி. அம்பை வாசி சொன்ன முறையில் ஒரு பக்கத்தைச் சோதித்தேன்; இணைப்பு இல்லாமலே விவரம் வந்தது. ஆனால் ஒரு குழப்பம் முளைத்திருக்கிறது. என் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து, ஒரு நண்பர் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தால், நேரமும் கைப்பேசி மாதிரியும் வருகின்றன, இடம் மட்டும் இல்லை. அதே படத்தை கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றிப் பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை முழுவதும் இருக்கின்றன. ஒரே கோப்பு, ஒரே பக்கம், இரண்டு விடை.

தென்காசி ஸ்டூடியோ (தென்காசி)

அண்ணாச்சி, அது பக்கத்தின் குறை அன்று, கைப்பேசியின் ஏற்பாடு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், படத்தில் உள்ள இடத் தகவலைப் பார்க்க ஒரு செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத செயலி படத்தைக் கேட்டால், இடத்தை மறைத்த நிலையில்தான் கைப்பேசி அதைத் தரும். உலாவியும் ஒரு செயலிதான். ஆகவே உங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது கோப்பின் மெய்யான உருவம் அன்று. ஐபோனிலும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ‘விருப்பங்கள்’ என்ற இடத்தில், இடத் தகவலைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற தேர்வு இருக்கிறது.

தனியுரிமைக்கு நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்களைப் போலச் சோதனை செய்பவருக்கு இதுவே பெரிய பொறி. கைப்பேசி உலாவியில் ‘இடம் இல்லை’ என்று கண்டு நிம்மதியாகி, அதே படத்தை மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பினால், அல்லது வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்ற வகையில் அனுப்பினால், முழுக் கோப்பும் இடத்தோடு சேர்ந்து போகக்கூடும். சாதாரணப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, எக்ஸிஃப் தகவலை நீக்கிவிடும். எங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் ‘தரம் குறையாமல் இருக்க ஆவணமாக அனுப்புங்கள்’ என்று நாங்களே சொல்கிறோம். அந்த வழியில் அவர்கள் வீட்டு வாசலின் ஆயத்தொலைவும் எங்களுக்கு வந்து சேருகிறது. சொல்லப்போனால் அச்சுக்கடைக்காரர் பலருக்கே இது தெரியாது.

ஆகவே நீங்கள் எந்தக் கோப்பை வெளியிடப் போகிறீர்களோ, அந்தக் கோப்பையே கணினியில் வைத்துச் சோதியுங்கள்.

பத்தமடைப் பாய் (பத்தமடை)

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் வீட்டிலேயே கோரைப் பாய் நெய்து, படமெடுத்து, கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம். திரைப்பிடிப்பு எடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இராது என்று என் மகள் சொல்கிறாள். சரிதானா?

தென்காசி ஸ்டூடியோ

சரிதான் அக்கா. திரைப்பிடிப்பில் இடத் தகவல் பதிவதில்லை. ஆனால் பாயின் நுண்ணிய நெசவு தெரியாமல் போகும். அதுதானே உங்கள் சரக்கின் அழகு. கேமரா அமைப்பில் ‘இடத்தைச் சேமி’ என்பதை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். இனி எடுப்பவற்றுக்கு அதுவே போதும். பழைய படங்களுக்குத்தான் இந்த இழையில் உள்ள வைத்தியம்.

பாளை நிரலர்

ஸ்டூடியோக்காரர் சொன்னதோடு இன்னொரு பொறியையும் சேர்க்கிறேன்: ‘மீத்தரவு எதுவும் இல்லை’ என்று ஒரு பக்கம் சொன்னால், ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் ஐபோன்கள் ஹெச்ஈஐசி என்ற வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. அதன் உள்ளமைப்பு ஜேபெக்கிலிருந்து முற்றிலும் வேறு. எக்ஸிஃப் தகவல் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஜேபெக்கை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல் அங்கே தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். பிஎன்ஜி வடிவத்திலும் எக்ஸிஃபுக்கென்று முறையான இடம் 2017இல்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே வேறு எழுத்துப் பகுதிகள் அதில் உண்டு. எக்ஸிஃபைத் தவிர, அடோபி 2001இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற தொகுதியும், செய்தி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஐபிடிசி என்ற தொகுதியும் ஒரே ஜேபெக்கில் சேர்ந்து இருக்கலாம். ஒன்றில் இடத்தை அழித்து, மற்றொன்றில் அப்படியே விட்டுவைத்த படங்கள் உண்டு.

எக்ஸிஃபுக்குள்ளேயே ஒரு சிறு முன்னோட்டப் படமும் இருக்கும். சில மென்பொருள்கள் பெரிய படத்தை வெட்டியபின் அந்தச் சிறு படத்தைப் புதுப்பிப்பதில்லை. ஓரத்தில் நின்ற அடையாளப் பாறையை நீங்கள் வெட்டியிருந்தாலும் அது உள்ளே பத்திரமாக நிற்கும். நகரும் படம் என்று சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதில் ஜேபெக் முடிந்த இடத்துக்குப் பின்னால் சில விநாடிக் காணொளிக் காட்சியே ஒட்டப்பட்டிருக்கும், பேச்சொலி உட்பட. ‘இந்தப் பக்கம் ஏறினால் கூடு தெரியும்’ என்று நண்பர் சொல்வது அதில் கேட்கலாம். எக்ஸிஃப் அட்டவணையை மட்டும் காட்டும் பக்கம் இதைப் பற்றி வாயே திறக்காது. படத்தின் அளவு வழக்கத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பொத்தைக்காட்டான்

அறிவியல் பாடம் நடத்துபவன் என்பதால் இதற்கு ஒரு வழி தோன்றுகிறது. எந்தப் பக்கத்தைப் பயன்படுத்தினாலும், இடத் தகவல் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தை, ஒவ்வொரு வடிவத்திலும் ஒன்றாக, முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இடத்தைக் காட்டினால்தான், பிற படங்களில் ‘இல்லை’ என்று அது சொல்வதை ஏற்க வேண்டும். பள்ளி வளாகத்தில் எடுத்த படங்களை இதற்கென்று ஒதுக்கிவைக்கிறேன்.

பாளை வழக்கறிஞர் (பாளையங்கோட்டை)

அழிப்பதைப் பற்றிப் பேசும் முன் ஒரு சொல். மூலப் படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். நகலில்தான் கை வைக்க வேண்டும். பறவைப் படம் எடுக்கப் போனவர் கண்ணில் ஆந்தை பிடிப்பவரோ, தாமிரபரணியில் இரவில் மணல் அள்ளும் வண்டியோ பட்டு, அதையும் படமெடுத்திருக்கலாம். நாளை அது வழக்குக்கு வேண்டியிருந்தால், மீத்தரவை நீக்கிய நகலைக் கொண்டுவந்து என்ன செய்வது?

மின்னணுச் சாட்சியம் பற்றிய, 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. மின்னணுப் பதிவோடு தர வேண்டிய சான்றிதழின் படிவத்தில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, எழுத இடம் விட்டிருக்கிறார்கள். கோப்பில் ஒரு பைட்டு மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மீத்தரவை மட்டும் நீக்கினேன், படத்தைத் தொடவில்லை என்று நீங்கள் சொன்னாலும், கோப்பு வேறு கோப்பாகிவிட்டது.

நேரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எக்ஸிஃபில் படமெடுத்த நேரம் உள்ளூர் நேரமாக இருக்கும். ஜிபிஎஸ் பகுதியில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வேறுபாடு இருப்பதைப் பார்த்து, படம் திருத்தப்பட்டது என்று எதிர்த்தரப்பு கூச்சலிடுவதற்கு இடமுண்டு. அதே சமயம், எக்ஸிஃப் நேரத்தை யாரும் எளிதில் மாற்றி எழுத முடியும் என்பதால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு நேரத்தை நிரூபித்துவிட்டதாக நம் தரப்பும் நினைக்கக் கூடாது.

பாளை நிரலர்

ஹாஷ் மதிப்பைக்கூட, கோப்பை எங்கும் அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே கணக்கிடலாம். எஸ்ஹெச்ஏ-256 என்ற வகை ஹாஷைக் கணக்கிடும் வசதி இன்றைய உலாவிகளில் உள்ளடங்கியே இருக்கிறது. விண்டோஸிலும் ‘சர்ட்யூட்டில்’ என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது.

இனி நீக்கும் முறை. பல பக்கங்கள் படத்தை ஓர் உள் திரையில் மறுபடி வரைந்து புதிய ஜேபெக்காகச் சேமிக்கின்றன. எக்ஸிஃப், முன்னோட்டப் படம், பின்னால் ஒட்டிய காட்சி எல்லாம் இதில் உதிர்ந்துவிடும். ஆனால் படம் மறுபடி சுருக்கப்படுவதால் இறகின் நுணுக்கம் சிறிது மங்கும். இன்னொரு முறை, படப் பைட்டுகளைத் தொடாமல் மீத்தரவுப் பகுதிகளை மட்டும் வெட்டுவது. தரம் குறையாது. ஆனால் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் எக்ஸிஃபில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து வெட்டினால் நாரை படுத்துக்கிடக்கும். நிறத்துக்கான குறிப்பை வெட்டினால் சில கைப்பேசிப் படங்களின் நிறம் மாறித் தெரியும். இணையத்தில் வெளியிடுவதற்கு எப்படியும் படத்தைச் சிறிதாக்கத்தான் போகிறீர்கள் என்பதால், மறுபடி வரையும் முறையே உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நிறுவ அனுமதி உள்ளவர்களுக்கு 2003இல் வெளிவந்த எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைவிட முழுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. அனுமதி இல்லாதவர்கள், விண்டோஸில் படத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து ‘பண்புகள்’, ‘விவரங்கள்’ என்று போனாலே அடிப்படைத் தகவல் தெரியும். நீக்கவும் அங்கேயே ஓர் இணைப்பு உண்டு. எல்லாத் தொகுதிகளையும் அது தொடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

அம்பை வாசி

நான் விட்ட இடத்தைத் தொடர்கிறேன். இன்று சோதித்து நல்லது என்று கண்ட பக்கம் நாளையும் அதே பக்கமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, ஏனென்றால் நிரல் ஒவ்வொரு முறையும் சேவையகத்திலிருந்து புதிதாக வருகிறது. ஆகவே ஒரே எச்டிஎம்எல் கோப்பாக எழுதப்பட்ட கருவி கிடைத்தால் அதைக் கணினியில் சேமித்து, இணைப்பில்லாமல் அந்தச் சேமித்த பிரதியையே திறந்து பயன்படுத்துவது மேல். உலாவியில் நீட்சிகள் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) எவையேனும் இருந்தால், பக்கத்தில் காட்டப்படுவதைப் படிக்கும் அனுமதி அவற்றுக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணினியில் மாணவர்கள் எதையெல்லாம் ஏற்றியிருக்கிறார்களோ.

வெளியிடுபவர் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் நடந்தது போதும். தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் இதழ் இணையத்தில் வெளியிட்டது. அந்த ஐபோன் படத்தில் இருந்த ஆயத்தொலைவு, அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கணினிப் பாதுகாப்பு மென்பொருளால் பெயர் பெற்றவருக்கே இந்தக் கதி.

மீத்தரவை முழுவதும் துடைத்த பிறகும், படத்தின் பின்னணியில் காற்றாலை வரிசையும் ஒரு பொத்தையின் முதுகும் தெரிந்தால், இராதாபுரம் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் இடத்தைச் சொல்லிவிடுவார். அதற்கு எந்த உலாவியும் உதவாது.

பொத்தைக்காட்டான்

ஆந்தைப் படங்களில் பின்னணி தெரிபவற்றை நெருக்கமாக வெட்டி, வெட்டியதைப் புதிதாக வரைந்து சேமிக்க முடிவு செய்துவிட்டோம். கோப்பின் பெயரிலேயே தேதி இருப்பதால் பெயரையும் மாற்றுகிறோம். மூலப் படங்கள் எடுத்தவர்களிடமே இருக்கும். என்னிடம் வருவது நகல் மட்டும். வெளியிடும் ஒவ்வொரு கோப்பையும் பதிவேற்றுவதற்கு முன் ஒருமுறையும், பதிவேற்றிய தளத்திலிருந்து திரும்ப இறக்கி மறுமுறையும், கணினியில் சேமித்துவைத்த கருவியின் பிரதியில் பார்க்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் மீதம். ‘இடத் தகவலை மொத்தமாக அழித்துவிட்டால் பத்தாண்டு கழித்து இந்தப் பறவை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, வட்டத்தின் பெயரளவிலாவது குறிப்பு வேண்டும்’ என்று குழுவில் மூத்தவர் ஒருவர் வாதிடுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பாளை நிரலர்

படத்துக்குள் வைக்க வேண்டாம் ஐயா. எடுத்தவரின் மூலப் படத்தில் முழு இடமும் இருக்கிறது. வெளியிடும் படத்தின் கீழே ‘நாங்குநேரி வட்டம்’ என்று எழுத்தில் போடுங்கள். ஆயத்தொலைவை எக்ஸிஃபுக்குள்ளேயே சுருக்கி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் தசமத்தில் இரண்டு இலக்கம் விட்டால்கூட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் வந்துவிடும். அந்தச் சதுரத்தில் இருப்பது ஒரே ஒரு பொத்தை என்றால் சுருக்கியதில் பயனில்லை.